பத்து நிமிஷம் முந்திய அறை

பூவரசந்துறையில் ஒரு வீட்டுக் கடிகாரம் சரியான நேரம் காட்டினால் அந்த வீட்டுக்காரரை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். கரையில் மீன் ஏலம் ஆறு மணிக்கு என்று எந்தக் காலத்திலோ வைத்தார்கள். பிந்திவிடக் கூடாதே என்று ஒருத்தர் கடிகாரத்தை ஐந்து நிமிஷம் தள்ளி வைத்தார், அவரை முந்த விடுவதா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏழு நிமிஷம் தள்ளி வைத்தார், அப்புறம் தெருத்தெருவாக எட்டும் ஒன்பதுமாக ஏறி ஏறி, கடைசியில் பத்து நிமிஷத்தில் வந்து ஊர் மூச்சு வாங்கி நின்றது. எல்லாரும் பத்து நிமிஷம் முந்தினால் யாரும் யாரையும் முந்தவில்லை என்றுதானே அர்த்தம்? அதைச் சொன்னால் கேட்கிற ஊரா அது!

படகு உரிமையாளர் சங்கத்துக் கட்டடத்தில், பெரிய ஹாலைத் தாண்டிப் பின்பக்கம் கடலைப் பார்த்து ஒரு அறை. அதில் வயர்லெஸ் பெட்டி, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் வட்டக் கடிகாரம், நாற்காலியில் பிரகாசி. கடலுக்குப் போன படகுகளோடு பேசுவது அவள் வேலை. சங்கத் தலைவர் வியாகுலம் அண்ணாச்சியின் உத்தரவுப்படி அங்கே சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி, கம்ப்யூட்டர் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி, பிரகாசியின் கைக்கடிகாரம்கூடப் பத்து நிமிஷம் முந்தி. மற்ற வீடுகளில் யாராவது ஒருத்தருடைய போன் சரியான நேரத்தைக் காட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடும். இந்த அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, வயர்லெஸ்ஸில் இரைச்சல் வரும். ஒரு அறைக்குள் இருக்கிற அத்தனையும் ஒரே பொய்யை ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அறை, பாவம், எத்தனை நாள்தான் நம்பாமல் இருக்கும்? தவக்காலம் தொடங்கின மறு செவ்வாய்க்கிழமை அந்த அறை பத்து நிமிஷம் முந்திப் போய்விட்டது.

முதலில் டீதான் காட்டிக்கொடுத்தது. ஹாலில் ஆவி பறக்க வாங்கின டீ, அறை வாசலைத் தாண்டினதும் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. பிரகாசி டீக்கடைக்காரரை நாலு வார்த்தை திட்டினாள். மறுநாள் அவள் புருஷன் கஸ்பார், "வலையை இழுத்தாச்சு, சாளை அள்ளிக்கிட்டு வருது" என்று வயர்லெஸ்ஸில் சொல்ல, அவள் சந்தோஷமாக ஹாலுக்கு ஓடிவந்து சொன்னாள். ஹால் மேஜையில் கையில் பிடித்துப் பேசுகிற சின்ன செட் ஒன்று உண்டு. அதில் அதே கஸ்பார், "இன்னும் வலையில கை வைக்கல" என்று சலித்துக்கொண்டிருந்தான். சரியாகப் பத்து நிமிஷம் கழித்து, அதே குரலில், அதே இருமலோடு, சாளை அள்ளிக்கொண்டு வந்தது. ஹாலில் இருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "சரிதான், அறை முந்திட்டு" என்றார் வியாகுலம் அண்ணாச்சி, வெற்றிலையை மென்றபடி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாம் நாள் அறை வாசலில் வரிசை நின்றது. அறை ஜன்னல் வழியே தெரிகிற கடற்கரைச் சாலை பத்து நிமிஷம் முந்திய சாலை. எட்டிப் பார்த்தால் வரப்போகிற பஸ் வந்து நிற்கும், பெய்யப்போகிற மழை பெய்துகொண்டிருக்கும். பஸ் வருமா என்று கேட்டார்கள், மாவு அரைக்கிற கடையில் கரண்டு போகுமா என்று கேட்டார்கள், கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்பி வருகிறாளா என்று கேட்டார்கள், காயப்போட்ட துணியை எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டார்கள், பிரசவ வலியில் மகளை விட்டுவிட்டு வந்த தாய்மார் தலைவிரி கோலமாக வந்து நின்று ஒன்றும் கேட்காமல் அழுதார்கள். மீன்கார ரோசலின் மாமி தானாகவே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்து வரிசையைக் கவனித்துக்கொண்டாள். யார் அவளை நியமித்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் வாயில் வாங்க வேண்டிவரும். பங்குச் சாமியார் வந்து பார்த்து, பூசை நேரத்தில் மட்டும் யாரும் போய் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, போகிறபோது மெதுவாக, "மேற்றிராணியார் கார் கண்ணுல படுதா பாரும்மா" என்றார், அன்றைக்கு ஆயர் வருகை.

அறை சொன்னது நடக்கும். அதை மாற்ற முடியாது. ஒரு நாள் பிரகாசி ஜன்னலில் பார்த்தபோது ரோசலின் மாமி நடுச்சாலையில் நிற்க, காலடியில் அவளுடைய மீன்சட்டி உடைந்து கிடந்தது. சொன்னாள். மாமி உஷாராகச் சட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்டூலை விட்டு அசையாமல் ஒன்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் தெருநாய் அவள் கருவாட்டை இழுத்துக்கொண்டு ஓட, சட்டியும் கையுமாகச் சாலையில் பாய்ந்தாள். அப்புறம் என்ன, சட்டி போச்சு. அதிலிருந்து ஊருக்கு ஒரு நடுக்கம் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் முந்தித் தெரிந்துகொண்டதில் கண்ட பலன், எல்லாரும் பத்து நிமிஷம் முந்திப் பயந்தார்கள். பயந்தும் வரிசையை விட்டுப் போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பழைய கம்ப்யூட்டர் செத்தது. உப்புக்காற்று அதன் உள்ளே இருந்த தகட்டைத் தின்றுவிட்டது.

சாதாரணக் கம்ப்யூட்டராக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். அதற்குள்தான் அலைச்சொல்லி இருந்தது. பூவரசந்துறை முகத்துவாரத்தில் தண்ணீருக்கடியில் மணல்திட்டு. கடல் பெருத்தால் மலை மலையாக அலை ஒன்றின் பின் ஒன்றாக வந்து திட்டில் உடையும். நடுவில் ஐந்தாறு நிமிஷம் ஓயும். அந்த ஓய்வில் உள்ளே நுழைந்தவன் பிழைத்தான். கடலில் மிதக்கவிட்ட கருவி அனுப்புகிற அளவுகளை வாங்கி, அடுத்த ஓய்வு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று சொல்லுகிற புரோகிராம் அது. மீன்வளம் படிக்க வந்த ஒரு பையன் யூனிக்ஸ் என்கிற வேறு வகைக் கம்ப்யூட்டருக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது, பதினோரு வருஷம் ஓடியது. இப்போது அவன் ஏதோ குளிர்தேசத்தில், கடிதத்துக்குப் பதில் இல்லை. மிச்சம் இருந்தது அவன் எழுதிய மூலம் மட்டும், ஒரு பென் டிரைவில்.

சங்கம் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் விண்டோஸ்; அதன் கடிகாரத்தையும் அண்ணாச்சி பத்து நிமிஷம் முந்த வைத்து, யாரும் மாற்றாதபடி பாஸ்வேர்டு போட்டுவிட்டார். யூனிக்ஸுக்கு எழுதினதை அதில் ஓட்டவேண்டுமென்றால் முதலில் யூனிக்ஸ் கருவிகளையெல்லாம் அதில் நிறுவி, மூலத்தை அங்கேயே மறுபடி கட்டி எடுக்கவேண்டும். பிரகாசி டிப்ளமோவில் படித்ததில் பாதியை மறந்திருந்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள். நிறுவவே ஒரு நாள் போனது. மூலத்தை ஓடுகிற புரோகிராமாக மாற்றுகிற கம்பைலரை நிறுவி முடித்து ஓட்டினால், அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது கம்ப்யூட்டர். கண்ணெதிரே இருக்கிறதே, பாவி, என்று அதனோடு மல்லுக்கட்டி, எந்த ஃபோல்டரில் தேடவேண்டும் என்று அதற்கு நாம்தான் சொல்லிவைக்கவேண்டும் என்று கண்டுபிடிக்கச் சாயந்தரமானது. அப்புறம், மூலத்தை விண்டோஸில் திறந்து மூடினதால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வந்து ஒட்டிக்கொண்டு, அதைப் பார்த்துக் கருவிகள் திகைத்து நின்றன. அதைத் துடைத்தாள். அப்புறம் ஒரு நூலகக் கோப்பு இல்லை. அந்த அறைக்குள் இணையம் எட்டாது. ஆகவே ஹாலில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் தேடி இறக்கி, அங்கேயே திருத்தி, பென் டிரைவில் அறைக்கு எடுத்து வந்தாள். ஹாலுக்கும் அறைக்குமாக நடந்து நடந்து கால் கடுத்தது.

புரோகிராமைத் துண்டு துண்டாகச் செய்து கடைசியில் ஒன்றாகச் சேர்க்கிற வேலையை மேற்பார்க்க ஒரு கருவி உண்டு. பிரகாசி அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தாள். மேஸ்திரி சோம்பேறி இல்லை, சிக்கனம்: மூலத்தை எப்போது திருத்தினார்கள், அதிலிருந்து செய்த துண்டு எப்போது செய்தது என்று நேரத்தைப் பார்ப்பார்; துண்டு பிந்தியதாக இருந்தால், "எல்லாம் புதுசாவே இருக்கு, வேலை ஒண்ணுமில்ல" என்று கையைக் கட்டிக்கொள்வார்.

வேலை தொடங்கின மூன்றாம் நாள் வியாழக்கிழமை, மத்தியானம் கழிந்து கடல் பெருத்தது. கரையில் காற்றே இல்லை. தெற்கே எங்கேயோ அடித்த காற்றுக்கு இங்கே தண்ணீர் எழும்பி வந்தது. பதினோரு படகு வெளியே. முதல் படகு கஸ்பாருடையது. டீசல் தீரும் தறுவாயில் எல்லாம் முகத்துவாரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன.

அலைச்சொல்லி ஏறக்குறைய தயார். ஒரே ஒரு தப்பு, ஓட ஆரம்பித்ததும் விழுந்துவிடுகிறது. பிரகாசி ஹாலுக்கு ஓடினாள், திருத்தினாள், அறைக்கு ஓடினாள், மேஸ்திரியைக் கூப்பிட்டாள். எல்லாம் புதுசாவே இருக்கு என்றார். புரோகிராமை ஓட்டினால் அதே இடத்தில் விழுந்தது. நான்தான் தப்பாகத் திருத்திவிட்டேன் என்று மறுபடி ஓடினாள். மறுபடி அதே. விரல் நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்தது, "என் மாதாவே, என் மாதாவே" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து தடவை ஓடினாள். ஐந்து தடவையும் அதே பதில்.

அப்போதுதான் அறையில் வயர்லெஸ் பேசியது.

"பிரகாசி, முகத்துலதான் நிக்கேன். இனி தாங்காது. முன்னால தெளிவாக் கிடக்கு, உள்ள விடுதேன்."

அவள் மைக்கை எடுப்பதற்குள் ஒரு இரைச்சல் வந்தது. பெட்டியே உடைந்துவிடும் போல ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து கஸ்பார், "பிரகா" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் வெறும் கொரகொரப்பு. பின்னால் வந்த படகுக்காரர்கள், "கவுந்துட்டு! கஸ்பார் படகு கவுந்துட்டு! ஆளைக் காணல!" என்று கத்தினார்கள். அறைக் கடிகாரத்தில் நாலு முப்பத்திரண்டு.

அவள் எப்படி ஹாலுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சின்ன செட்டைப் பிடுங்கினாள். "என்னங்க! கேக்குதா? என்னங்க!"

"கேக்கு கேக்கு. ஏன் கத்துத?" என்றான் கஸ்பார், உயிரோடு. "இப்பதான் முகத்துக்கு வந்தோம். அலை பயங்கரமா இருக்கு."

"உள்ள விடாதீங்க! நான் சொல்லுதவரைக்கும் விடாதீங்க!"

"டீசல் இல்லட்டி. எஞ்சினை ஓட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்க? பத்து நிமிஷம் பாக்கேன். அதுக்குமேல முடியாது, கண்ண மூடிக்கிட்டு விட்டுருவேன்."

பத்து நிமிஷம். அவள் தடுக்காமல் இருந்திருந்தால் இப்போதே நுழைந்திருப்பான்; அவள் தடுத்ததால்தான் சரியாக அந்த நேரத்துக்கு அந்த அலைக்குள் போய் விழப்போகிறான். சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ரோசலின் மாமி அவள் கண்ணுக்குள் வந்தாள். எப்போது நுழையக் கூடாது என்று தெரிகிறது. எப்போது நுழையவேண்டும் என்று சொல்ல அலைச்சொல்லி வேண்டும்.

அறையிலிருந்து கையில் பிடித்தபடி வந்திருந்த பென் டிரைவை ஹால் கம்ப்யூட்டரில் செருகினாள். அதில் அறையில் செய்த துண்டுகளும் ஹாலில் செய்த திருத்தங்களும் பட்டியலாகக் கிடந்தன. ஹால் கம்ப்யூட்டர் இணையத்தில் இருந்ததால், அண்ணாச்சி எத்தனை தடவை தள்ளி வைத்தாலும் கேட்காமல் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிற திமிர் பிடித்தது. அதன் மூலையில் நாலு இருபத்திரண்டு என்றிருந்தது. பட்டியலில் ஒரு துண்டு நாலு இருபத்தேழுக்குச் செய்யப்பட்டதாக இருந்தது. இன்னும் பிறக்காத நாலு இருபத்தேழு. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் "அட, நாசமாப் போக!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அறையில் செய்ததெல்லாம் பத்து நிமிஷம் கூட்டிய நேர முத்திரையோடு பிறந்தது. ஹாலில் இன்றைக்கு அவள் செய்த திருத்தம் ஒவ்வொன்றும் மேஸ்திரி கண்ணுக்குப் பழசு. ஒரு திருத்தத்தைக்கூட அவர் தொடவில்லை. நிதானமாக, மணிக்கணக்காக யோசித்துச் செய்த இரண்டு நாளும் நடுவே பத்து நிமிஷத்துக்கு மேல் போய்விட்டதால் இந்தத் தொல்லை வரவில்லை; அவசரப்பட்டு நிமிஷத்துக்கொரு தரம் ஓடிய இன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டாள். பழைய துண்டுகளை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினால் ஏழு நிமிஷம் ஆகும். ஆனால் அறைக்குள் போனால் அங்கே நாலு முப்பத்திரண்டு தாண்டிவிட்டது. அங்கே கஸ்பார் இல்லை.

"அண்ணாச்சி, பாஸ்வேர்டைச் சொல்லுங்க. அறைக் கடிகாரத்தைத் திருப்பணும்."

வியாகுலம் அண்ணாச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "என்ன எம்மா சொல்லுத? திருப்பினா அறை போயிருமே."

"போகட்டும்."

"அது சங்கத்துச் சொத்தாக்கும். பொதுக்குழு கூட்டாம நான் எப்படி..."

வரிசையில் நின்றவர்களும் சலசலத்தார்கள். மக வலியில கெடக்கா என்றாள் ஒருத்தி. பஸ் என்றார் ஒருவர். பிரகாசிக்கு வந்ததே ஆத்திரம்!

"எம் புருஷன் செத்த சத்தத்தை இப்பக் கேட்டுட்டு வந்திருக்கேன்! எம் பேரைப் பாதி சொல்லிட்டுத் தண்ணிக்குள்ள போயிட்டாவ! பொதுக்குழு கூட்டுவீயளோ? கூட்டுங்க, எல்லாரும் வந்து கேளுங்க!"

அண்ணாச்சியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது; அவருடைய இரண்டு மருமகன்களும் பின்னால் வருகிற படகில் இருந்தார்கள். "அறை சொல்லி நடக்காம இருந்ததுண்டா எம்மா?" என்றார்.

"அதான் அறையைத் திருப்பணும்னு சொல்லுதேன். அது சொன்ன நேரத்துக்கு முன்னால அதைக் கொண்டுவந்துட்டா, அது இன்னும் ஒண்ணும் சொல்லலைதான?"

சரியோ தப்போ, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ரோசலின் மாமிதான் முதலில் எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள், சுவரோரம் போட்டு ஏறினாள், கடிகாரத்தைக் கழற்றி முள்ளைப் பின்னால் திருப்பினாள். பிரகாசி கைக்கடிகாரத்தைத் திருப்பினாள். அண்ணாச்சி வந்து கீபோர்டின் மேல் குனிந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பாஸ்வேர்டை அடித்தார். அத்தனை நீளமான பாஸ்வேர்டை உலகத்தில் வேறு யாரும் வைத்திருக்கமாட்டார்கள். நேரம் மாறியது. எல்லாருக்கும் காது அடைத்துத் திறந்தது. அறையின் பெரிய பெட்டியிலும் ஹாலின் சின்ன செட்டிலும் கஸ்பாரின் இருமல் ஒன்றாகக் கேட்டது.

மணி நாலு இருபத்துநாலு. அவள் எல்லாத் துண்டுகளையும் அழித்தாள். மேஸ்திரியைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை அவர் கையைக் கட்டவில்லை. திரையில் வரி வரியாக ஓடத் தொடங்கியது. நாலு இருபத்தாறு. ஏழு. எட்டு. அறைக்குள் அத்தனை பேர் நின்றார்கள், யாருக்கும் அடுத்த நிமிஷம் என்னவென்று தெரியாது. எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாகத் தெரியாது. யாரோ ஜெபமாலை சொன்னார்கள், பாதியில் மறந்து மறுபடி ஆரம்பித்தார்கள். இருபத்தொன்பது. ஒரு எச்சரிக்கை வந்தது, போனது. முப்பது. கடைசித் துண்டு. முப்பத்தொன்று. முடிந்தது. அவள் ஓட்டினாள். விழவில்லை. மிதக்கும் கருவியின் அளவுகளை வாங்கிக்கொண்டு அது யோசித்துக்கொண்டே இருந்தது.

"பிரகாசி, முகத்துலதான் நிக்கேன். இனி தாங்காது" என்றான் கஸ்பார். அதே வார்த்தை. அதே குரல். "முன்னால தெளிவாக் கிடக்கு..."

திரையில் இரண்டு வரி வந்து நின்றது.

"விடாதீங்க!" அவளே நினைக்காத குரல் அது. "இப்ப வாரது பெரிசு! நாலு நாப்பத்திரண்டுக்கு ஓயும், ஆறு நிமிஷம் ஓயும். எஞ்சினை அணைச்சிட்டு நங்கூரத்தைப் போடுங்க. இன்னும் பத்து நிமிஷம்தான். பின்னால வாரவங்களுக்கும் சொல்லுங்க."

பதில் இல்லை. கொரகொரப்பு. பிரகாசி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இரைச்சல் வந்தது. அதே இரைச்சல், பெட்டியே உடைந்துவிடும் போல. வியாகுலம் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சல் வந்தது, வந்துகொண்டே இருந்தது, அப்புறம் மெதுவாக இறங்கியது.

"எம்மாடி" என்றான் கஸ்பார். "என்னா அலை! முகத்தையே மூடிட்டுப் போகுது. நங்கூரம் போட்டாச்சு. நாலு நாப்பத்திரண்டுன்னுதான சொன்ன?"

ரோசலின் மாமி மைக்கை வாங்கி, "ஆமாலேய், நாப்பத்திரண்டு! ஒரு நிமிஷம் முந்தி வந்தியோ, கொன்னுபோடுவேன்" என்றாள்.

பதினோரு படகும் அந்த ஆறு நிமிஷத்தில் ஒன்றின் பின் ஒன்றாக நுழைந்தன. கரையில் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. அண்ணாச்சி மருமகன்களைக் கட்டிக்கொண்டு அழுதார், அப்புறம் அலைச்சொல்லியைத் தானே சரிசெய்த மாதிரி நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கஸ்பார் ஈரச் சட்டையோடு நேரே பிரகாசியிடம் வந்தான். அவள் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள், விடாமல் குத்தினாள்.

"நான் இன்னைக்குத் தாலியறுத்தவளா இருந்தேன். உங்களுக்குத் தெரியுமா? தாலியறுத்தவளா இருந்தேன்."

"என்னட்டி பேச்சு இது? நான் இங்ஙனதான நிக்கேன்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

ஊரும் அப்படித்தான் சொன்னது. அப்படி ஒன்று நடக்கவில்லை, அறை அப்படிச் சொல்லவேயில்லை, பிரகாசி பயத்தில் எதையோ கேட்டிருப்பாள் என்று ஒரு வாரத்துக்குள் பேசி முடித்துவிட்டார்கள். வரிசையும் கலைந்தது. கடலுக்குப் போனவர்கள் வந்தார்கள், வலித்தவர்கள் பெற்றார்கள், பஸ் வந்தபோது வந்தது. பிரகாசியும் யாரிடமும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்ட காது அவளிடம்தானே இருக்கிறது. கஸ்பார் முற்றத்திலிருந்து, குளிக்கிற இடத்திலிருந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து சாதாரணமாகத்தான் "பிரகாசி" என்று கூப்பிடுவான். அந்தப் பேர் முழுசாகச் சொல்லி முடிகிறவரை அவள் மூச்சு விடுவதில்லை.